நண்பர்களோடு வெளிநாடு கிளம்பும் நாள்: சென்னையிலிருந்து போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கல்லூரிக் காலத்திலிருந்து பழகும் ஐந்து பேர், மூன்று ஆண்களும் இரண்டு பெண்களுமாக, சென்னையிலிருந்து கோலாலம்பூருக்குப் போய்வந்தோம். போன நாளிலும் திரும்பிய நாளிலும் ஒன்று மாற்றி ஒன்று ஏதாவது பிசகிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வட்டத்தில் யார் வெளிநாடு கிளம்பினாலும் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் நேரில் பார்த்தது மலேசியா என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். சிங்கப்பூர், தாய்லாந்து போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.10 என்று போட்டிருக்கிறது. எந்த ராத்திரி ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும்?

14ஆம் தேதி ராத்திரி. சென்னையிலிருந்து கிழக்கே போகும் விமானங்களில் நிறைய நள்ளிரவை ஒட்டித்தான் கிளம்புகின்றன. அதனால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். நம் பேச்சில் "15ஆம் தேதி ராத்திரி" என்றால் 15ஆம் தேதி பொழுது சாய்ந்த பிறகு. டிக்கெட்டைப் பொறுத்தவரை 15ஆம் தேதி பிறந்து பத்தே நிமிடத்தில் விமானம் போய்விடுகிறது.

எங்களில் ஒருவன் கோவையிலிருந்து வரவேண்டும். கிளம்பும் நாள் மதியம் எதற்கோ போன் செய்தவன், "சரி, நாளைக்கு ராத்திரி பார்க்கலாம்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் கிடைத்த வண்டியைப் பிடித்து ஓடிவந்து சேர்ந்துவிட்டான். அந்த ஒரு போன் வந்திருக்காவிட்டால் அவன் பயணமே போயிருக்கும். அதிலிருந்து நான் குழுவில் தேதியைத் தனியாக எழுதுவதில்லை. "செவ்வாய் ராத்திரி எட்டரைக்கு ஏர்போர்ட் வாசல்" என்று கிழமையையும் சந்திக்கும் நேரத்தையும் மட்டுமே எழுதுகிறேன். ஒவ்வொருவரும் அதைத் திருப்பி எழுதிக் காட்ட வேண்டும். வெறும் கட்டைவிரல் படத்தை நான் பதிலாக ஏற்பதில்லை.

எனக்கு இனிஷியல்தான். டிக்கெட்டில் பெயர் எப்படிப் போடுவது?

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்துகூட மாறாமல். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் சிக்கல் அதிகம். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலின் விரிவு, அதுவும் சிலருக்குக் குடும்பப் பெயர் என்ற இடத்தில், சிலருக்கு இயற்பெயரோடு சேர்ந்து. இன்னும் சிலருக்குக் குடும்பப் பெயர் இடமே காலி. காலியாக இருந்தால் டிக்கெட் போடும் முன்பே விமான நிறுவனத்தைக் கேட்டுவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. துபாய் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

இன்னொன்று, யாரும் சொல்லித் தராதது. வாயிலில் ஒலிபெருக்கியில் உங்களைக் கூப்பிடும்போது பெரும்பாலும் அந்தக் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும் பெயரைத்தான் சொல்வார்கள். எங்கள் குரோம்பேட்டை நண்பனுக்கு அந்த இடத்தில் அப்பா பெயர். அவன் தூண் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தான். அவன் அப்பா பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார்கள், உச்சரிப்பு கொஞ்சம் மாறி. எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. பதினைந்து வருடப் பழக்கத்தில் அவன் அப்பாவை "அப்பா" என்றே கூப்பிட்டுப் பழகியவர்கள் நாங்கள். மூன்றாவது முறை அவன் தலை தூக்கி, "எங்கப்பா பேரு மாதிரி இருக்குல்ல?" என்றான். ஆவணத்தில் ஏதோ சரிபார்க்க வேண்டியிருந்திருக்கிறது, ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த நிமிடம் கிடைத்ததே பெரிது.

ஒருவரே எல்லோருக்கும் டிக்கெட் எடுத்து, பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டால் வசதிதானே?

டிக்கெட் எடுப்பது வரை வசதி. அதற்குமேல் இதுதான் எல்லாப் பிசகுக்கும் வேர் என்பது என் அனுபவம். எங்கள் குழுவில் நான்தான் அந்த ஒருவர். ஹோட்டல் முகவரி என் போனில், திரும்பும் டிக்கெட் என் மெயிலில், மலேசியப் பணமான ரிங்கிட் முழுவதும் என் பர்ஸில், வெளிநாட்டு டேட்டா என் சிம்மில். நான் பக்கத்தில் இருந்த வரை மற்ற நால்வருக்கும் நிம்மதி. நான் இருபது அடி தள்ளிப் போனதும் அவர்கள் கையில் ஒன்றுமே இல்லை. ஹோட்டல் பெயர்கூடத் தெரியாது. அக்கறையோடுதான் செய்தேன், ஆனால் அது அவர்களைக் கைகட்டி நிறுத்திவிட்டது.

அவரவர் பாஸ்போர்ட் அவரவரிடம். ஒவ்வொருவர் பையிலும் ஒரு தாள்: பாஸ்போர்ட் முதல் பக்க நகல், போக வர டிக்கெட், ஹோட்டல் பெயரும் முகவரியும், மற்ற நால்வரின் நம்பர், வீட்டில் ஒருவர் நம்பர். போன் அணைந்தாலும் தாள் இருக்கும். ஆளுக்கு நூறு ரிங்கிட்டாவது தனியாக. கடைசியாக, ஒரே பி.என்.ஆரில் ஐந்து பேர் இருந்தால் நேரம் மாறிய தகவல் பெரும்பாலும் ஒரே மெயிலுக்குத்தான் வரும். அந்த மெயில் யாருடையதோ, அவர் கிளம்பும் முந்தைய இரண்டு நாளும் காலை மாலை திறந்து பார்க்க வேண்டும்.

ஏர்போர்ட்டுக்கு மெட்ரோவில் போகலாமா?

தாராளமாக. நீல வழித்தட ரயில் நேராக விமான நிலையத்துக்கே போகிறது. காலை ஐந்து மணிவாக்கில் தொடங்கி இரவு பதினொன்று வரை ஓடுகிறது. நள்ளிரவு விமானத்துக்குச் சரி, அதிகாலை ஐந்து மணி விமானத்துக்கு உதவாது. மழைநாளில் ஜி.எஸ்.டி. சாலையையும் கத்திப்பாராவையும் நம்புவதைவிட ரயிலை நம்பலாம். பன்னாட்டு விமானங்களுக்கு 2023இல் திறந்த புதிய டெர்மினல் 2. டெர்மினல் 1, 4 உள்நாட்டுக்கு. கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ விமானத்தில் வந்து மாறுகிறவர்கள் அந்த நடைக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

ஒருவர் வர நேரமாகிவிட்டது, கவுன்டர் மூடப்போகிறார்கள். மற்றவர்கள் என்ன செய்வது?

பன்னாட்டு விமானங்களில் பெரும்பாலான நிறுவனங்கள் கிளம்புவதற்கு 60 நிமிடம் முன்னதாகக் கவுன்டரை மூடிவிடும். "ஆள் பார்க்கிங்கில் இருக்கிறார்" என்று கெஞ்சினாலும் நடக்காது. அதனால் இந்த முடிவை ஏர்போர்ட்டில் எடுக்கக் கூடாது, வீட்டில் எடுக்க வேண்டும். முதல் முறை வெளிநாடு போகிறவர், உடம்பு சரியில்லாதவர், வழியும் மொழியும் தெரியாதவர் தவறவிட்டால் அவரோடு ஒருவர் தங்குவது. நன்றாகப் பழகியவர் தவறவிட்டால் மற்றவர்கள் போய்விடுவது, அவர் அடுத்த விமானத்தில் வருவது. தங்குகிறவர் யார் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்குள் அது நான்தான் என்று பேசி வைத்திருந்தோம், தேவைப்படவில்லை.

தவறவிட்டவர் உடனே விமான நிறுவனத்திடம் பேசி, திரும்பும் டிக்கெட் உயிரோடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் போகவர எடுத்திருந்தால், போகும் பயணத்துக்கு வராதவரின் திரும்பும் பயணத்தையும் பல நிறுவனங்கள் ரத்து செய்துவிடும். டிக்கெட் பணம் போனாலும் அதில் அடங்கிய அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது இந்திய விதி. கேட்டு வாங்குங்கள்.

பெட்டியில் எதை வைத்தால் மாட்டிக்கொள்வோம்?

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். செக்-இன் பெட்டியில் வைத்தால் திறக்கச் சொல்வார்கள், சில சமயம் பெட்டியே விமானத்தில் ஏறாது. 100 வாட்-மணி வரை தடையில்லை. கடையில் விற்கும் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான், கவலை இல்லை. பல நிறுவனங்கள் இப்போது விமானத்துக்குள் அதைப் பயன்படுத்த விடுவதில்லை. ஊறுகாய், நெய், தொக்கு எல்லாம் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது, செக்-இன் பெட்டியில் இரண்டு உறை போட்டு வையுங்கள். கொப்பரைத் தேங்காயை மட்டும் செக்-இன்னில் வைக்காதீர்கள். அதன் எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருளாகக் கருதுகிறார்கள். அங்கே பிளக் வேறு: மூன்று தட்டைக் கால் உள்ளது. நம் உருண்டைக் கால் பிளக் உள்ளே போகாது, ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே அடாப்டர் வாங்கிவிடலாம்.

வரிசையில் நிற்கும்போது முன்பின் தெரியாதவர் "அந்தப் பக்கம் என் தம்பி வந்து வாங்கிக்குவான்" என்று பொட்டலம் நீட்டினால் கண்டிப்பாக வேண்டாம். முகம் பார்த்து இரங்குகிற நண்பர் குழுவில் இருந்தால் அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மலேசியா, சிங்கப்பூர் இரண்டிலும் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு.

விசா இல்லாமல் போகலாம் என்றால் கையை வீசிக்கொண்டு போகலாமா?

கூடாது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களைச் சுற்றுலாவுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. ஆனால் டிஜிட்டல் வருகை அட்டை என்று ஒன்று, போய்ச் சேருவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம்தான். பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசாங்கத்தின் தளம் இல்லை. சிங்கப்பூருக்கும் இதேபோல வருகை அட்டை உண்டு, விசாவும் தனியாக வேண்டும். தாய்லாந்து 2025 மே 1 முதல் கொண்டுவந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடிக் காலம் மிச்சம் இருக்கிறதா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பாருங்கள்.

பெட்டி வந்து சேரவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போவது பெரும்பாடு.

கோலாலம்பூரில் விடிகாலையில் இறங்கினோம். நம் நேரத்துக்கும் அங்குள்ள நேரத்துக்கும் இரண்டரை மணி வித்தியாசம், உடம்புக்கு இன்னும் நடு ராத்திரி. நால்வர் பெட்டியும் வந்துவிட்டது. தோழியின் நீலப் பெட்டி மட்டும் வரவில்லை. அதன் கைப்பிடியில் அவள் அம்மா அடையாளத்துக்காக மஞ்சள் துணி கட்டிவிட்டிருந்தார். பெல்ட்டில் கூட்டம் குறைந்து, கடைசியில் நைலான் கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டி மட்டும் தனியாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அது மூன்றாவது சுற்று வந்தபோது பெல்ட் நின்றது. அவள் அப்போதும் ரப்பர் திரை தொங்கும் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நாள் துணியும், தினம் காலையில் போட வேண்டிய தைராய்டு மாத்திரையும் அதில் இருந்தன.

அங்கேயே சாமான் உதவி மேசை இருக்கும். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டிய பட்டைக் குறியீட்டுச் சீட்டைக் காட்டி, பி.ஐ.ஆர். எனப்படும் புகார் அறிக்கையை எழுதி வாங்க வேண்டும். அதில் ஒரு எண் இருக்கும், அதுதான் பிற்பாடு எல்லாவற்றுக்கும் சாவி. பெட்டியின் நிறம், அளவு, அடையாளம் சொல்ல வேண்டும். அந்த மஞ்சள் துணி அப்போதுதான் உதவியது. பெட்டியைச் செக்-இன் செய்யும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. தங்குமிட முகவரியும் அங்கே எடுக்கும் நம்பரும் கொடுங்கள். அவசரத்துக்கு வாங்கும் துணி, பிரஷ் எல்லாவற்றுக்கும் பில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னாட்டுப் பயணங்களுக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது, இந்தியாவும் அதில் உறுப்பு. தாமதமாக வந்த பெட்டிக்கு, அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தால் செலவைக் கேட்கலாம்.

அவள் பெட்டி மறுநாள் மாலை ஹோட்டலுக்கே வந்தது. மாத்திரையை எப்போதும் கைப்பையில், அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் வையுங்கள். ஒரு செட் துணியை நண்பரின் பெட்டியில் மாற்றி வைப்பதும் நல்ல பழக்கம். கூட்டமாகப் போவதில் இப்படி ஒரு லாபம் இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை.

கார்டு வேலை செய்யவில்லை. ஏன்?

ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதிதாகத் தரும் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே திறக்க வேண்டும். அதைச் சென்னையிலேயே செய்யுங்கள், ரோமிங்கையும் இங்கேயே போட்டுவிடுங்கள், அங்கே போனபின் ஓ.டி.பி. வராமல் தவிப்பீர்கள். கடையில் ரூபாயிலா ரிங்கிட்டிலா என்று மெஷின் கேட்டால் ரிங்கிட். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடிப்பார்கள். அங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை "வெள்ளி" என்பார்கள். "அஞ்சு வெள்ளி" என்றால் ஐந்து ரிங்கிட்.

ரயிலில் பாதிப் பேர் ஏறி, பாதிப் பேர் நின்றுவிட்டால்?

எங்களுக்கு நடந்தது. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து பத்துமலை முருகன் கோயிலுக்கு, கொம்யூட்டர் எனும் புறநகர் ரயில். பெண்கள் இருவரும் நடுப்பெட்டியில் ஏறிவிட்டார்கள். பின்னால் ஏறப்போன எங்களை ஒரு காவலர் கைகாட்டி நிறுத்தி, பெட்டியில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்பு அறிவிப்பைக் காட்டினார். பெண்களுக்கு மட்டுமான பெட்டி. நாங்கள் அடுத்த பெட்டியை நோக்கி ஓடுவதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தோழி உள்ளங்கையை விரித்து ஏதோ சொன்னாள். "இறங்கிடுறோம்" என்றாளா, "அங்கே பார்க்கலாம்" என்றாளா, தெரியவில்லை.

இருவரும் அடுத்த நிலையத்தில் இறங்கி எங்களுக்காகக் காத்திருந்து, காணவில்லை என்றதும் எதிர்ரயில் பிடித்துத் திரும்ப வந்திருக்கிறார்கள். நாங்களோ அவர்கள் நேராகப் போயிருப்பார்கள் என்று அடுத்த ரயிலில் பத்துமலைக்கே போய்விட்டோம். அவர்களிடம் டேட்டா இல்லை, பணமும் சொற்பம், காரணம் மேலே சொன்னதுதான். 42.7 மீட்டர் உயர முருகன் சிலையின் காலடியில் நின்று வருகிற முகங்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அவர்கள் நிலையத்தில் ஒரு தமிழ் அம்மாவிடம் போன் வாங்கிக் கூப்பிட்டபோது எனக்குக் குரலே எழும்பவில்லை. என் நம்பர் தோழிக்கு மனப்பாடமாக இருந்ததால் தப்பித்தோம். பிறகு ஐந்து பேருமாக 272 படியும் ஏறினோம், யாரும் அதிகம் பேசவில்லை.

ஆகவே ஒரே ஒரு விதியை முதல் நாளே பேசி வையுங்கள். அடிக்கடி வரும் மெட்ரோ என்றால், ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும், விடுபட்டவர்கள் அடுத்த ரயிலில் வந்து சேர வேண்டும். அரை மணிக்கு ஒன்று வரும் ரயில் என்றால், எல்லோரும் போய்ச்சேரும் இடத்திலேயே சந்திப்பது. இரண்டும் கலந்தால் எங்கள் கதைதான். இரண்டு பேருக்காவது தனித்தனி டேட்டா சிம் எடுத்துவிடுங்கள், செலவு பெரிதில்லை.

பாஸ்போர்ட் தொலைந்துவிட்டால்?

முதலில் உள்ளூர் காவல் நிலையத்தில் புகார், அதன் நகல். பிறகு இந்தியத் தூதரகம். மலேசியா, சிங்கப்பூர், இலங்கையில் அதற்கு இந்தியத் தூதரகம் என்று பெயர் இல்லை, ஹை கமிஷன் என்று தேட வேண்டும். உடனே ஊர் திரும்ப, இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் தருவார்கள். பாஸ்போர்ட் நகலும் இரண்டு போட்டோவும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த நாட்டுக் குடியேற்றத் துறையின் அனுமதியும் வேண்டியிருக்கும். வார விடுமுறை குறுக்கிட்டால் நாள் கூடும், அதனால் அவரோடு ஒருவர் கட்டாயம் தங்க வேண்டும். மலேசியாவில் அவசர எண் 999. தாய்லாந்தில் சுற்றுலாக் காவல் 1155.

திரும்பும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

டெர்மினல். கோலாலம்பூர் விமான நிலையத்தில் டெர்மினல் 1, 2 இரண்டும் தனித்தனிக் கட்டடங்கள், தூரத்தில். டாக்சிக்காரர் கேட்டபோது எங்களில் ஒருவன் "ஒன்று" என்றான், விமானம் இரண்டில். நல்லவேளை, இரண்டுக்கும் நடுவே ரயில் உண்டு, மூன்று நிமிடம்தான். ஆனால் பெட்டிகளோடு நடப்பது, லிஃப்ட், ரயிலுக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து அரை மணியைத் தின்றுவிட்டது. கவுன்டர் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது போய் நின்றோம். பாங்காக்கில் இன்னும் மோசம், சுவர்ணபூமி, டான் முவாங் என்று இரண்டு விமான நிலையங்களே இருக்கின்றன. ஊருக்கு இரு பக்கமும்.

புயல், மழை, தாமதம் என்றால் நமக்கு என்ன உரிமை?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைப் பயணத்தில் இதை எதிர்பார்த்தே ஆக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் நாள்கணக்கில் மூடியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர். அந்த மாதங்களில் திரும்பிய மறுநாளே அலுவலகம் என்று திட்டமிடாதீர்கள்.

இயற்கைச் சீற்றத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. மற்றபடி, இந்தியாவில் விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.யின் விதியில், இரண்டரை முதல் ஐந்து மணி நேரம் வரை பறக்கும் விமானம் மூன்று மணி நேரத்துக்குமேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். இரவு எட்டு முதல் அதிகாலை மூன்றுக்குள் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்குமேல் தாமதமானால் தங்குமிடமும் தர வேண்டும். கவுன்டரில் கேட்டால்தான் கிடைக்கும். ஒருவர் போய் மரியாதையாக, விதியைச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து பேரும் சேர்ந்து குரல் உயர்த்தினால் எதிரில் இருப்பவர் பேச்சையே நிறுத்திவிடுவார்.

இத்தனை நடந்தும் சண்டை வரவில்லையா?

வந்தது. பத்துமலையிலிருந்து திரும்பிய ராத்திரி, "நீ ஏன் எல்லாத்தையும் உன்கிட்டயே வச்சிருந்த?" என்று தோழி நேராகவே கேட்டாள். கேட்டது நியாயம். ஹோட்டலுக்குக் கீழே விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடை (அங்குள்ள தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடை), அங்கே ரொட்டி சானாயும் (நம் பரோட்டா மாதிரி) தே தாரேக்கும் (ஆற்றித் தரும் பால் டீ) சொல்லிவிட்டு, பணத்தை ஐந்தாகப் பிரித்தேன், டிக்கெட்டை எல்லோருக்கும் அனுப்பினேன், ஹோட்டல் முகவரியை டிஷ்யூ தாளில் ஐந்து தடவை எழுதினோம். பேச வேண்டியதை அன்றைக்கே, வயிறு நிறைந்த பிறகு பேசுங்கள். பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் வரிசையில் நிற்கும்போது யாரையும் எதுவும் கேட்காதீர்கள்.

வீடு வந்து சேர்ந்த பிறகு ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

பெட்டியை அன்றைக்கே முழுவதும் பாருங்கள். சேதத்துக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். கோவை நண்பன் வீட்டுக்குப் போய்த்தான் சக்கரம் ஒன்று விண்டிருப்பதைப் பார்த்தான். டேக் கிழிக்காமல் இருந்தது. டேக்கோடு சேர்த்துப் போட்டோ எடுத்து அன்றைக்கே மெயில் அனுப்பினான். இரண்டு வாரம் கழித்துச் சக்கரம் மாற்றிய செலவு அவன் கணக்குக்கு வந்தது.